கை வறண்ட நேரத்தில் கிறிஸ்துமஸ் வந்தால்: கர்த்தர் தேவைகளைச் சந்திப்பார் என்று எப்படி நம்புவது?

கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க சிலருக்குச் சந்தோஷம் கூடும், சிலருக்குக் கவலை கூடும். வேலை போன வீடு, மருத்துவச் செலவில் சேமிப்பெல்லாம் கரைந்த வீடு, இந்த வருஷம் ஒருவரை அடக்கம்பண்ணிவிட்டு வந்த வீடு, இவர்களிடம் போய் "கர்த்தருக்குள் சந்தோஷமாயிருங்கள்" என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டு நகர்வது லேசு. அப்படி ஒரு வீட்டில் நீங்கள் இருந்தால், இந்த டிசம்பரில் எதை வாசிப்பது, எப்படி ஜெபிப்பது, யாரிடம் பேசுவது, எதையெல்லாம் நம்பி ஏமாறக் கூடாது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பாரத்தை முதலிலேயே இறக்கிவைத்துவிடலாம். "எல்லாரும் கொண்டாடுகிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றுமே தோன்றவில்லையே, என் விசுவாசத்தில்தான் ஏதோ கோளாறு" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். கோளாறு ஒன்றும் இல்லை. மரியாளும் யோசேப்பும்கூட அந்த ராத்திரி பண்டிகைக் களிப்பில் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அகுஸ்துராயன் போட்ட குடிமதிப்புக் கட்டளைக்காக நாசரேத்திலிருந்து பெத்லகேம் வரை 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வழி, அவளுக்கோ பிரசவ நேரம், சத்திரத்தில் இடமில்லை, பிறந்த பிள்ளையைக் கிடத்த ஒரு தீவனத்தொட்டி. பாட்டாகப் பாடிப் பாடி அந்த இடத்தின் வாடையையே நாம் மறந்துவிட்டோம்.

முதல் கிறிஸ்துமஸை வரவு செலவாக வாசியுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் "என்ன தேவைப்பட்டது", வலது பக்கம் "எப்போது, யார் மூலமாக வந்தது". அப்புறம் மத்தேயு 1, 2, லூக்கா 1, 2 ஆகிய நான்கு அதிகாரங்களையும் மெதுவாக வாசித்துக்கொண்டே நிரப்புங்கள். அவசரம் வேண்டாம், நாளுக்கு ஒரு அதிகாரம் போதும்.

யோசேப்பு மரியாளை இரகசியமாய்த் தள்ளிவிட யோசித்தபோது ஒரு சொப்பனம் வருகிறது. தனக்கு நடப்பதைச் சொன்னால் நம்புகிற ஒரு பெண் மரியாளுக்குத் தேவைப்பட்டபோது, மலைநாட்டில் எலிசபெத்து ஏற்கெனவே ஆறு மாதக் கர்ப்பிணி; மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் அவளோடு தங்குகிறாள். சத்திரம் கிடைக்கவில்லை, முன்னணை கிடைக்கிறது. ஏரோது ராஜா பிள்ளையைக் கொல்லத் தேடப்போகிறான் என்றபோது மறுபடியும் சொப்பனம், அவன் செத்தபிறகு இன்னொன்று.

இதில் லூக்கா 2:24ஐ மட்டும் சட்டென்று தாண்டிப் போய்விடாதீர்கள். ஆண் குழந்தை பெற்ற தாய் 40 நாள் கழித்து ஆலயத்துக்குக் கொண்டுபோக வேண்டியது ஒரு வயது ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவள் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம் என்று லேவியராகமம் 12 சொல்கிறது. மரியாளும் யோசேப்பும் ஆலயத்தில் செலுத்த வந்தது புறாக்களைத்தான். அதாவது, கையில் ஆட்டுக்குட்டி வாங்கக் காசில்லை. பிள்ளையைப் பணிந்துகொள்ளக் கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் பொன்னோடு வந்தது அதற்குப் பிறகுதான் என்று பலரும் கருதுகிறார்கள். அவர்கள் "வீட்டுக்குள்" வந்தார்கள் என்று மத்தேயு எழுதுவதும், ஏரோது இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கொல்லச் சொன்னதும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆக, தேவகுமாரனையே கையில் வைத்திருந்த குடும்பம் ஏழைகளின் காணிக்கையோடு போய் ஆலயத்தில் நின்றது. அன்றைக்கு ஆட்டுக்குட்டிக்கு வழி பிறக்கவில்லை. ஆனால் முடியாதவர்கள் புறாவோடு வரலாம் என்ற வழி மோசேயின் காலத்திலேயே எழுதிவைக்கப்பட்டிருந்தது. அப்படிப் போன இடத்தில்தான் சிமியோன் பிள்ளையைக் கையில் ஏந்தினார், ஏறக்குறைய 84 வயதான அன்னாளும் வந்து நின்று கர்த்தரைப் புகழ்ந்தாள். ஏன் புறாவோடு வந்தீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

பிறகு பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வருகின்றன. அந்தப் பொன்தான் எகிப்துக்குப் போகிற வழிச்செலவுக்கு ஆனது என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். மத்தேயு அப்படி எழுதவில்லை, ஊகம்தான். ஆனாலும் மத்தேயு 2இல் 11ஆம் வசனத்தில் காணிக்கை, 13ஆம் வசனத்தில் "எகிப்துக்கு ஓடிப்போ" என்று அடுத்தடுத்து வருவதைப் பார்த்தால் அந்த ஊகத்தை விடவும் மனசு வரவில்லை. அங்கே எத்தனை மாதம், என்ன வேலை, எங்கே தங்குவது, ஒன்றும் சொல்லப்படவில்லை. நான் சொல்லும்வரை அங்கேயே இரு என்பதுதான் யோசேப்புக்குக் கிடைத்த முழுத் தகவலும்.

தாளைத் திருப்புங்கள். பின்பக்கம் உங்களுடைய வருஷத்தை அதே இரண்டு பத்தியில் எழுதுங்கள். ஜனவரியிலிருந்து தொடங்குங்கள். வராமல் போனதையும் மறைக்காமல் எழுதுங்கள், வலது பக்கம் காலியாகவே இருக்கட்டும், யாரும் திருத்தப்போவதில்லை. ஆனால் வந்ததை எழுதும்போது தேதியும் ஆளின் பெயரும் ஞாபகமிருந்தால் சேர்த்து எழுதுங்கள்: யார் கூப்பிட்டு ஒரு வேலையைப் பற்றிச் சொன்னார், ஆஸ்பத்திரியில் யார் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார், எந்தப் பணம் எதிர்பாராமல் திரும்பி வந்தது. பொதுவாக "ஆண்டவர் நடத்தினார்" என்று எழுதினால் அடுத்த வாரமே மறந்துபோகும். பெயரோடு எழுதினால் மறக்காது.

ஜெபத்தில் தேவையைப் பெயர்சொல்லிக் கேளுங்கள்

"ஆண்டவரே, எங்கள் தேவைகளையெல்லாம் சந்தியும்" என்று ஜெபிப்பதில் தப்பில்லை, ஆனால் பயந்துபோயிருக்கிற மனசுக்கு அது போதாது. பயம் குறிப்பான ஒன்றைப் பற்றியது. ஜெபமும் அதே அளவுக்குக் குறிப்பாக இருக்கட்டும். இப்படிக் கேட்கலாம்: "ஆண்டவரே, வாடகைக்குப் பாதிதான் இருக்கிறது. தேதி நெருங்கிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றைக்கு நான் யாரிடம் பேச வேண்டும் என்று காட்டும், பேசத் தைரியமும் தாரும்." அவ்வளவு போதும். பைபிள் நடையில் நீட்டி முழக்க வேண்டியதில்லை.

"இன்றைக்கு" என்பதை விட்டுவிடாதீர்கள். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் கேட்கச் சொன்னது அன்றன்றுள்ள ஆகாரத்தை. வனாந்தரத்தில் மன்னாவும் அப்படித்தான் வந்தது, ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. பயத்தில் மறுநாளைக்கு எடுத்துவைத்தவர்களுடைய மன்னா புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு, அது கெடவில்லை. சேமிக்கவே கூடாது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம், எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று நீதிமொழிகள் சொல்கிறதே. பிப்ரவரியில் வரப்போகிற பள்ளிக் கட்டணத்தை நினைத்து டிசம்பர் ராத்திரிகளில் தூங்காமல் புரள்வதைத்தான் சொல்கிறேன். அந்தக் கட்டணத்தைத் தாளில் எழுதி, பக்கத்தில் பிப்ரவரி என்று தேதி போட்டுவிட்டு, இன்றைக்கு உரியதை மட்டும் ஜெபத்தில் கொண்டுவாருங்கள்.

கோபம் வந்தால்? அதையும் சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிற சங்கீதம் 13இல் மொத்தமே ஆறு வசனம்தான். முதல் இரண்டும் முறையீடு, அடுத்த இரண்டும் வேண்டுதல், கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. அந்த வரிசையிலேயே உங்கள் சொந்த வார்த்தைகளைப் போட்டு ஜெபித்துப் பாருங்கள். கடைசி இரண்டு வசனத்துக்கு வாய் வரவில்லையென்றால் நான்காம் வசனத்தோடு அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம். மறுநாள் தொடரலாம்.

எதை எதிர்பார்க்கக் கூடாது

இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வருஷக் கடைசியில் "இவ்வளவு காணிக்கை விதையுங்கள், கர்த்தர் நூறு மடங்காகத் திருப்பித் தருவார்" என்று கேட்கிற குரல்கள் அதிகமாகும். கையில் இருக்கிற கடைசிப் பணத்தை, பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வைத்திருக்கிற பணத்தை, அப்படி எடுத்துக் கொடுக்காதீர்கள். புறாவோடு வந்தவர்களை ஏற்றுக்கொண்ட தேவன் உங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வரச் சொல்லவில்லை. ஏழை விதவை இரண்டு காசு போட்டாளே என்பார்கள். அந்தச் சம்பவத்துக்கு முந்தின வரிகளையும் சேர்த்து வாசியுங்கள்; விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றித்தான் இயேசு அங்கே எச்சரித்துக்கொண்டிருக்கிறார்.

"என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்" என்கிற பிலிப்பியர் 4:19ஐ சுவரில் மாட்டாத வீடு குறைவு. நல்ல வசனம், மாட்டுங்கள். ஆனால் அதை எழுதின பவுல் அப்போது காவலில் இருந்தார் என்பதையும், அதே அதிகாரத்தில் திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறார் என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். தேவன் தேவைகளைச் சந்திப்பார் என்று பவுல் நம்பினார். தான் ஒருநாளும் பட்டினி கிடக்கமாட்டேன் என்று அவர் நினைக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன.

இன்னொன்று, பெத்லகேமின் பிள்ளைகள். யோசேப்புக்குச் சொப்பனம் வந்தது, பக்கத்து வீட்டுத் தகப்பனுக்கு வரவில்லை. மத்தேயு இதை மழுப்பவில்லை. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள் என்ற எரேமியாவின் வார்த்தையைக் கிறிஸ்துமஸ் கதையின் நடுவிலேயே எழுதிவைக்கிறார். ஏன் அப்படி என்று எனக்குப் பதில் தெரியாது, தெரிந்ததுபோல் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமையும் இல்லை. நான் பிடித்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்: அன்றைக்குத் தப்பிய அந்தப் பிள்ளை கடைசிவரை தப்பித்துக்கொண்டே இருக்கவில்லை. சிலுவைக்குப் போனார், கல்லறைக்குள் வைக்கப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார். அதனால்தான் கிறிஸ்தவ நம்பிக்கை இந்த மாதக் கணக்கு சரியாவதோடு முடிந்துவிடுவதில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இதுதான் ஆதாரம். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படாதிருங்கள் என்று பவுல் எழுதினார். துக்கப்படவே கூடாது என்று எழுதவில்லை. ஆகையால் இறந்துபோனவரின் பெயரைப் பண்டிகையன்று வீட்டில் சொல்லுங்கள், ஜெபத்தில் அவருக்காக நன்றி சொல்லுங்கள், அழுகை வந்தால் வரட்டும். ஆராதனையில் நடுவில் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தால் கடைசி வரிசையில் உட்காருங்கள்.

யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்

பலருக்கு இதுதான் கஷ்டம். ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன், மனுஷரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்பார்கள். வேதத்தில் பார்த்தால் தேவனுடைய உதவி பெரும்பாலும் மனுஷர் கையால்தான் வருகிறது. எலியா தீர்க்கதரிசிக்குக் கொஞ்ச நாள் காகம் கொண்டுவந்தது உண்மை; கேரீத் ஆறு வற்றினபிறகு அவரை அனுப்பினது சாறிபாத்தில் ஒரு விதவையிடம், அவளிடமும் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான் இருந்தது. எலியா வாய்திறந்து கேட்டார். கடன்காரன் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோக வந்தபோது இன்னொரு விதவை எலிசாவிடம் போய்ச் சொன்னாள், அவளும் அக்கம்பக்கத்தில் பாத்திரம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பவுலுக்குப் பிலிப்பி சபையின் உதவியைக் கொண்டுவந்தது எப்பாப்பிரோதீத்து என்ற ஒருவர்.

யாரிடம் சொல்வது என்பதில் நிதானம் வேண்டும். ஊரெல்லாம் பரப்பாத ஒருவர், அறிவுரையை உடனே கொட்டாத ஒருவர். சபையில் போதகரோ, மூப்பரோ, வயதான ஒரு அம்மாவோ யாராகவும் இருக்கலாம். சொல்லும்போது சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "ஐயா, வேலை போய் மூன்று மாதமாகிறது. இந்த மாதம் வாடகை கட்ட முடியவில்லை. ஜெபித்துக்கொள்ளுங்கள், வேலை ஏதாவது தெரிந்தாலும் சொல்லுங்கள்." ஜெபம் மட்டும் வேண்டுமா, உதவியும் வேண்டுமா என்பது கேட்கிறவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒன்றும் செய்யவில்லையே என்று பிறகு வருத்தப்படுவது இரண்டு பேருக்கும் நியாயமில்லை.

சொன்னபிறகு நம் பங்குக்கு எழுந்திருக்கவும் வேண்டும். யோசேப்பு இரவிலேயே எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். சொப்பனம் அவரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. விண்ணப்பம் போட வேண்டியிருந்தால் போடுங்கள், பழைய முதலாளியைக் கூப்பிட வேண்டியிருந்தால் கூப்பிடுங்கள். பண்டிகைக்காகக் கடன் வாங்காதீர்கள். கடன்வாங்கினவன் கடன்கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 சொல்கிறது, அதில் கிறிஸ்துமஸுக்கு விலக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடைசி நாள்வரை இழுக்க வேண்டாம்: இந்த வருஷம் பரிசு சின்னதுதான், ஆனால் நாம் எல்லாரும் சேர்ந்து இருப்போம், இன்னின்னது செய்வோம். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே தாங்குவார்கள். வீட்டில் பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் மிரளுவார்கள்.

கையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

வேறு ஒருவருடைய தாளில் வலது பக்கம் எழுதப்படப்போகிற பெயர் உங்களுடையதாக இருக்கலாம். பசியோடிருக்கிறவனிடம் "சமாதானத்தோடே போங்கள், பசியாறுங்கள்" என்று வாயளவில் சொல்லி அனுப்புவதை யாக்கோபு 2 எப்படிக் கடிந்துகொள்கிறது என்று போய் வாசியுங்கள். கொடுக்கிறதாக இருந்தால் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். 24ஆம் தேதி ராத்திரி வந்தால் அதற்குள் அவர்கள் கடன் வாங்கி முடித்திருப்பார்கள். பணமாகக் கொடுங்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். போட்டோ எடுக்காதீர்கள். மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இருட்டு அதற்கும் மேலே போனால்

சோர்வு என்ற சொல்லுக்குள் அடங்காத நிலை ஒன்று உண்டு. எலியாவே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். இனி வாழ வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்தால் தனியாக உட்கார்ந்து ஜெபித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள், மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல; அந்த அடையையும் தண்ணீரையும் அனுப்பினவர் அனுப்புகிற உதவிதான் இதுவும்.

25ஆம் தேதிக்குப் பிறகு

பலர் 25ஆம் தேதியை ஒரு கெடுவாக வைத்துக்கொள்கிறார்கள், அதற்குள் அற்புதம் நடக்கவில்லையென்றால் தேவன் கைவிட்டுவிட்டார் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பல சபைகளில் கிறிஸ்துமஸ் காலம் ஜனவரி 6 வரை தொடர்கிறது, சாஸ்திரிகள் வந்ததை நினைவுகூருவதே அன்றைக்குத்தான். அந்த நாள்வரை தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்திருந்து, நாளுக்கு ஒரு வரி சேருங்கள். லூக்காவில் 24 அதிகாரம் இருக்கிறது. டிசம்பர் முதல் தேதியிலேயே தொடங்கியிருந்தால் பண்டிகைக்கு முந்தின நாள் முடித்திருப்பீர்கள். தொடங்கவில்லையென்றால் 26ஆம் தேதி மூன்றாம் அதிகாரத்திலிருந்து தொடருங்கள், கடைசி அதிகாரத்தில் உயிர்த்தெழுதல்வரை போய்ச்சேர ஜனவரி பாதியாகிவிடும், பரவாயில்லை.

அதற்குள் கடன் கொடுத்தவர்கள் கூப்பிட ஆரம்பிப்பார்கள். அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள். காலையில் ஜெபித்து முடித்த கையோடு நீங்களே முந்திக்கொண்டு போன் செய்து, இந்த மாதம் இவ்வளவுதான் முடியும், மிச்சத்துக்கு இன்ன தேதி என்று சொல்லிவிடுங்கள், சொன்ன தேதியையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.